மேட்டு முகாமில் அக்கா, மந்திரி அறையில் தம்பி

ஆல்டர்ஷா, யார்க்ஷையர்
29 ஜூலை 1945

அன்புள்ள வில்ஃப்,

உன் ரயில் விட்ட புகைகூட அடங்கல, ஜெஸ்ஸி லம் என் முழங்கையைப் பிடிச்சு இழுத்தா. "ஹெட்டி, உன் தம்பி லண்டன் போயாச்சு. எனக்கு எப்போ வீடு?"ன்னு கேட்டா. வேடிக்கைக்குக் கேக்கறான்னு நெனச்சுச் சிரிச்சேன். அவ சிரிக்கல. வயித்துல ஆறு மாசம், இருக்கற வாடகை அறையில ஒரு தொட்டில் போட இடமில்ல. அவ எங்கேர்ந்து சிரிப்பா?

நீ எம்.பி. ஆனதுல எனக்கும் ஒரு உத்தியோகம் வந்திருக்கு. எம்.பி.யோட அக்கா. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. மீன் கடை வரிசையில நின்னா நாலு பேர் என்னைப் பிடிச்சுக்கறாங்க. நேத்து ஒருத்தி, "நாங்க ஓட்டுப் போட்டது உன் தம்பியோட மூஞ்சிக்காக இல்லம்மா, அவன் சொன்ன வீட்டுக்காக"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா. கீத்தை இடுப்புல தூக்கிக்கிட்டு, அவன் தள்ளுவண்டியில உன் நோட்டீஸை அடுக்கிக்கிட்டு, தெருத்தெருவாப் போய் அந்த வீட்டை வாக்குக் கொடுத்தது நான்தானே?

என் மாமியார் இன்னும் உன் மேல கோவமா இருக்காங்க. "போரை ஜெயிச்சுக் கொடுத்த மனுஷனையே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க, உங்க தொழிற்கட்சிக்கு என்ன தெரியும் ராஜ்யம் ஆள"ன்னு காலையில டீயோட ஆரம்பிச்சாங்கன்னா, ராத்திரி விளக்கணைக்கிற வரைக்கும் ஓடும். அவங்க முன்னறையில நான், மக மோரீன், கீத், மூணு பேரும் ஒரே கட்டில்ல. எங்க வீட்டு மேல குண்டு விழுந்து நாலு வருஷம் ஆச்சு. அவங்க பிள்ளை எர்னி பர்மா சண்டையிலேர்ந்து வந்தா எங்க படுப்பான்னு தெரியல. அவன் இன்னும் கண்ணால பார்க்காத மகன் சுவத்து ஈரத்துல ராப்பகலா இருமறான்.

இதையெல்லாம் குறைன்னு நினைக்காதே. ஜெயிச்ச சந்தோஷத்துல எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. சீக்கிரமா ஏதாவது செய்ங்க, அவ்வளவுதான்.

ஹெட்டி

•

லண்டன்
5 ஆகஸ்ட் 1945

அன்புள்ள ஹெட்டி,

உன் கடிதத்தை ஒரு ஜன்னல் விளிம்பில் வைத்துப் படித்தேன். எனக்கு இங்கே மேசை கிடையாது. எங்கள் சபை மண்டபம் குண்டில் போய்விட்டதால், மேல்சபைப் பிரபுக்கள் தங்கள் மண்டபத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டு வேறு அறையில் உட்கார்கிறார்கள். எந்தக் கதவு எங்கே போகும் என்று தெரியாமல் நேற்று நான் சமையலறைக்குள் நுழைந்துவிட்டேன். சமையல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புது மெம்பரா? வலது பக்கம் போய் இடது பக்கம் திரும்புங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கோட்டு மாட்ட ஆளுக்கொரு கொக்கி தந்திருக்கிறார்கள். அதில் ஒரு சிவப்பு நாடா தொங்குகிறது, வாளைக் கட்டி வைக்க! வாளுக்கு இடம் உண்டு, கடிதம் எழுத இடமில்லை.

ஆனால் ஒரு செய்தி இருக்கிறது. வீடு கட்டும் இலாகாவின் துணை அமைச்சர் திரு. மாடக்ஸ் என்னைத் தன் உதவியாளனாக எடுத்துக்கொண்டிருக்கிறார். சபையில் அவர் பின்னால் உட்கார்ந்து சீட்டு நீட்டுவதும், நம் உறுப்பினர்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று அவர் காதில் போடுவதும்தான் வேலை. தனிச் சம்பளம் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் அறைக்குள் இருக்கிறேன், ஹெட்டி. நெசவாலைச் சங்கத்தில் சந்தா எழுதிக்கொண்டிருந்தவன்.

திரு. மாடக்ஸ் லெஸ்டரில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். முதல் நாள் நாங்கள் போனபோது அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். திரைச்சீலையில் பழைய அமைச்சரின் சுருட்டு வாசனை அப்படியே இருந்தது. தலைமைச் செயலர் திரு. ஃபேர்லி, மிக மரியாதையான மனிதர், ஒரு தடித்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார். எந்தக் கட்சி வந்தாலும் கொடுப்பதற்கு இரண்டு கட்டுகள் தயாராக வைத்திருந்தாராம். "அந்த இன்னொண்ணையும் காட்டுங்களேன்" என்றார் திரு. மாடக்ஸ். தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தைத் தவிர எல்லாம் ஒன்றுதான்.

நாங்கள் சிரித்தோம். வெளியே வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது.

ஜெஸ்ஸியிடம் சொல், மறக்கவில்லை என்று.

வில்ஃப்

•

ஆல்டர்ஷா
27 ஆகஸ்ட் 1945

அன்புள்ள வில்ஃப்,

ஜப்பானும் சரணடைஞ்சாச்சு. மேட்டு மேல பெரிய தீ மூட்டினாங்க. மோரீன் ஆடினா. நான் எர்னியோட கப்பல் எப்போன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்.

அங்க நின்னப்போதான் அதைப் பார்த்தேன். மேட்டு முகாம். விமானத்தைச் சுடற பீரங்கிப் படை இருந்துச்சே, அது. பசங்க ஜூன் மாசமே கிளம்பிப் போயிட்டாங்க. தகரக் குடில் பதினாலு, அரை உருளை மாதிரி வளைஞ்சது. ஒவ்வொண்ணுலயும் நடுவுல இரும்பு அடுப்பு. தண்ணிக் குழாய் இருக்கு. சாப்பாட்டுக் கூடத்துல பெரிய பாத்திரம் தேய்க்கற தொட்டி ரெண்டு இருக்கு. கதவுல பூட்டு. பூட்டுக்கு இந்தப் பக்கம் நாங்க.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்த ஜெஸ்ஸி, "ஹெட்டி, தரை காய்ஞ்சிருக்கு"ன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. தரை காய்ஞ்சிருக்கறதைப் பார்த்து ஒரு பொம்பளை ஜன்னலை விட்டு நகராம நிக்கறதை நீ பார்த்திருக்கியா?

அதனால உன்கிட்ட நேராக் கேக்கறேன். நகரசபை அந்த முகாமை எடுத்துக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாமே? நீ அந்த அறைக்குள்ளதானே இருக்கே? டாக்டர் கீத்தோட நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டுட்டு, குளிர்காலத்துக்கு முன்னாடி அந்த முன்னறையை விட்டு மாத்துங்கன்னு சொல்லிட்டார். எங்க மாத்தறதுன்னு கேட்டேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டார்.

நல்ல பதிலா எழுது.

ஹெட்டி

•

லண்டன்
6 செப்டம்பர் 1945

அன்புள்ள ஹெட்டி,

கேட்டேன். அன்றைக்கே கேட்டேன்.

திரு. ஃபேர்லி, "ரொம்ப நல்ல யோசனை" என்றார். அவர் அப்படிச் சொன்னால் நடக்காது என்று அர்த்தம். இதற்குள் அது எனக்குப் பழகிவிட்டது. குடில்கள் ராணுவ இலாகாவுக்குச் சொந்தம். நிலம் ஒரு விவசாயியுடையது, போருக்காக எடுத்தது, திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நகரசபையுடையது. நாங்கள் ராணுவ இலாகாவுக்கு எழுத வேண்டும், அவர்கள் அந்த முகாம் இனித் தேவையில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லவேண்டிய அதிகாரி இப்போது ஜெர்மனியில் இருக்கிறார்.

இதற்கு நடுவே அமெரிக்கா போர்க்கால உதவியை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. மரம் வாங்க டாலர் இல்லை. கொத்தனார்கள் இன்னும் படையில். தினமும் காலையில் ஒவ்வொருவராக வந்து, எது முடியாது, ஏன் முடியாது என்று விளக்குகிறார்கள். எல்லாமே உண்மை, அதுதான் கஷ்டம். எவனாவது ஒருவன் பொய் சொன்னால் மேசையைத் தட்டிக் கத்தலாம்.

சபை அக்டோபர் வரை கூடப்போவதில்லை. ஆனாலும் திரு. மாடக்ஸ் என்னை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். வசந்தத்துக்குள் ஏதாவது வழி பிறக்கும். நகரசபையிலும் நம் ஆட்கள்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறு.

நீ ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிறாய். உன் எழுத்து சாய்ந்திருக்கிற விதமே சொல்கிறது. வேண்டாம், ஹெட்டி.

வில்ஃப்

•

மேட்டு முகாம்
24 செப்டம்பர் 1945

வில்ஃப்,

மேல இருக்கற விலாசத்தைப் பாரு.

நேத்து ஞாயித்துக்கிழமை, ஊர் கோயிலுக்குப் போயிருந்த நேரம், எட்டுக் குடும்பம் ஏறி வந்துட்டோம். கைவண்டி, தள்ளுவண்டி, நிலக்கரிக்காரர் கொடுத்த குதிரை வண்டி ஒண்ணு. பூட்டை ஜெஸ்ஸியோட வீட்டுக்காரன் கழட்டினான். உடைக்கல, கழட்டினான். ஒவ்வொரு திருகாணியையும் ஒரு டீக்கோப்பையில போட்டு வெச்சிருக்கான், பின்னால திருடன்னு சொல்லிடக் கூடாதுன்னு.

மாமியார் வாசல்ல நின்னு, "நாலு வருஷம் சோறு போட்டதுக்கு இதுவா?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு உள்ள போய் அவங்களோட ஒரே கம்பளி மெத்தையைத் தூக்கிக்கிட்டு வந்து வண்டியில போட்டாங்க.

மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்தார். "நீங்க இங்க இருக்கக் கூடாது தெரியுமா?"ன்னார். "தெரியும்"னேன். "சரி, சொல்லிட்டேன்"னு தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு, அடுப்புக் குழாயில அடைச்சிருந்த காக்காக் கூட்டை எடுத்துக் கொடுத்துட்டுப் போனார்.

ராணுவக்காரன் சுவத்துல எழுதி வெச்சிருக்கற கெட்ட வார்த்தையெல்லாம் மோரீன் சத்தமா எழுத்துக்கூட்டிப் படிக்கறா. சுண்ணாம்பு தேடணும்.

நீ பொறுன்னு சொன்னே. பொறுத்தேன். கீத்தோட நெஞ்சு பொறுக்கல.

ஹெட்டி

•

லண்டன்
28 செப்டம்பர் 1945

ஹெட்டி,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா?

நேற்றுக் காலை எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்றில் வந்துவிட்டது. 'ஆளும் கட்சி எம்.பி.யின் அக்கா அரசு முகாமை ஆக்கிரமித்தார்.' மாடிப்படியில் என்னைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். திரு. மாடக்ஸ் கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "உனக்கு முன்கூட்டியே தெரியுமா?" இல்லை என்றேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் வீட்டுக்காக முந்நூறு குடும்பங்கள் பதிந்து காத்திருக்கின்றன. அவர்களும் இருமுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் காத்திருக்கிறார்கள். நாளைக்கு எல்லோரும் ஒரு காலி இடத்தைப் பார்த்து ஏறினால், நாம் ஆள்வதற்கு என்ன மிச்சம்? நம் ஆட்சி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. விழட்டும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் கையில் கல்லை எடுத்துக் கொடுத்தது நீ.

குழந்தைகளோடு அம்மாவின் தங்கை வீட்டுக்குப் போ. ஹல் நகரில் அவளுக்கு ஓர் அறை இருக்கிறது, நான் எழுதிக் கேட்டுவிட்டேன். திங்கட்கிழமைக்குள் நீ கிளம்பாவிட்டால் நான் வெளிப்படையாக ஏதாவது சொல்லியாக வேண்டும். திரு. ஃபேர்லி நாலு வரி எழுதி என் முன்னால் வைத்திருக்கிறார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

தயவுசெய்து.

வில்ஃப்

•

மேட்டு முகாம்
7 அக்டோபர் 1945

ஆல்டர்ஷா தொகுதி உறுப்பினர் திரு. வில்ஃப்ரெட் சக்டன் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் அறிக்கையை வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் படித்தோம். "வரிசையைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு, அவர்கள் யாராக இருந்தாலும், இந்த அரசு இடம் கொடுக்காது" என்று சொல்லியிருக்கிறீர்கள். நல்ல தமுக்கு அடித்த மாதிரி இருந்தது. தாங்கள் எழுதியதல்ல என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தாங்கள் எப்போதும் ஒரு வாக்கியத்தை இவ்வளவு நேராக முடித்ததில்லை. ஆனால் கீழே தங்கள் பெயர் இருந்தது.

தங்கள் அறிக்கை வந்த மறுநாள் நகரசபை குழாயை அடைத்துவிட்டது. இப்போது பண்ணையிலிருந்து பால் கேனில் தண்ணீர் சுமக்கிறோம். விவசாயி காசு வாங்குவதில்லை. இத்தனைக்கும் அவர் எதிர்க்கட்சிக்காரர். ஜெஸ்ஸி லம் எட்டு மாத வயிற்றோடு சுமந்துகொண்டு வந்தாள், நான் பார்த்துப் பிடுங்கினேன். பள்ளிக்கூடத்தில் மோரீனை "குதிப்பவள் மகள்" என்று கூப்பிடுகிறார்கள். ஒருவனை அடித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் கண்டிக்கவில்லை.

கட்சியின் மகளிர் பிரிவுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். தங்கள் தேர்தல் நோட்டீஸில் மிச்சம் இரண்டு கட்டு என்னிடம் இருந்தது. அடுப்பு பற்றவைக்க உதவுகிறது. நல்ல காகிதம்.

கீத் இரவில் இருமுவதில்லை. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இப்படிக்கு,
ஹெட்டி கிரவுதர் (திருமதி)

•

லண்டன்
15 அக்டோபர் 1945

ஹெட்டி,

சனிக்கிழமை முகாமுக்கு வந்தேன். அது உனக்குத் தெரியும். மோரீன் ஜன்னலில் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள். நான் கதவைத் தட்டினேன். உள்ளே பாத்திரம் நகர்ந்த சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பிறகு கொண்டுவந்த சர்க்கரையை ஜெஸ்ஸியிடம் கொடுத்தேன். "வாங்கிக்கறேன், மெம்பர் ஐயா. ஆனா நீங்க கொடுத்ததுன்னு அவகிட்டச் சொல்ல மாட்டேன், தூக்கி எறிஞ்சிடுவா. சர்க்கரை அநியாயமாப் போயிடும்" என்றாள்.

பால் கேன்கள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். கொடியில் குழந்தைகளின் துணி. சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று மாதமாக ஏழு கூட்டம் போட்டு, ஒரு குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் மூன்று வாரத்தில் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். ராணுவ இலாகா முகாமை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டது. நகரசபை அதை எடுத்து, குழாயைத் திறந்து, சிறு வாடகைக்கு இப்போது இருப்பவர்களையே இருக்க விடும். மீதிக் குடில்களுக்கும் ஆள் வரும். உத்தரவு தயாராகிறது. ஒரு நிபந்தனை. எம்.பி.யின் குடும்பம் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால், தம்பி ஆளும் கட்சியில் இருப்பதால் அக்காவுக்காகச் சட்டம் வளைந்தது என்று பேசுவார்கள். திரு. ஃபேர்லி அப்படித்தான் சொன்னார். அதிலும் பொய் இல்லை, பேசத்தான் செய்வார்கள்.

ஏழு குடும்பத்துக்காக ஒரு குடும்பம். உன்னிடம் கேட்கிறேன் என்று சொன்னேன். இல்லை, அப்படிக்கூடச் சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வராந்தாவில் வெகுநேரம் நடந்தேன்.

வில்ஃப்

•

மேட்டு முகாம்
18 அக்டோபர் 1945

வில்ஃப்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்துல எல்லார் முன்னாடியும் படிச்சேன். என்னைப் பத்தின முடிவு, ஆனா அவங்க தலையும் அதுல இருக்கே. "நான் போயிட்டா உங்களுக்குத் தண்ணி வரும்"னு சொன்னேன். போறதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கிட்டுத்தான் படிச்சேன்னு நீ தெரிஞ்சுக்கணும்.

ஜெஸ்ஸி எழுந்திருச்சா. எழுந்திருக்கறதுக்கே அவளுக்கு ரெண்டு கை வேணும் இப்போ. "இவ போனா நான் பிள்ளையை எங்க பெத்துக்கறதுன்னு அந்த மந்திரிகிட்டக் கேளுங்க. ராத்திரி வலி வந்தா என்கூட இருக்கறேன்னு சொன்னது இவதான், அந்த ஃபேர்லி இல்ல"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் ஓட்டெடுப்பு. எட்டுக் குடும்பமும் சேர்ந்து இருப்போம், இல்லேன்னா எட்டுக் குடும்பமும் சேர்ந்து தெருவுக்கு வருவோம். எதிரா ஒரு கைகூட இல்ல.

நான் உனக்கு அக்கா ஆனது கேட்டு வாங்கினதில்ல, வில்ஃப். எர்னி மூணு வருஷத்துக்கு மேல காட்டுல கிடந்தது உன் மச்சான்ங்கறதுக்காகவும் இல்ல. வீடு இல்லாத சிப்பாயோட பொண்டாட்டி நான். எம்.பி.யோட அக்கான்னு எனக்கு அதிகமா ஒண்ணும் வேண்டாம். அதுக்காகக் குறைச்சும் கொடுக்காதே.

நீ சரின்னு சொன்னதை ஒளிக்காம எழுதினே. அதனாலதான் இந்தக் கடிதத்துல உன்னை 'நீ'ன்னு கூப்பிடறேன்.

ஹெட்டி

•

லண்டன்
27 அக்டோபர் 1945

அன்புள்ள ஹெட்டி,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் திரு. மாடக்ஸின் அறைக்குப் போனேன். திரு. ஃபேர்லியும் உத்தரவின் நகலோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க அக்கா கிளம்பிட்டாங்களா?" என்று ஃபேர்லி கேட்டார்.

"இல்ல. கிளம்ப மாட்டாங்க. நான் கேட்டதே தப்பு" என்றேன். "அந்த நிபந்தனையை எடுத்துடுங்க, சார். வரிசையைத் தாண்டிட்டாங்கன்னு நான் கொடுத்த அறிக்கை தப்புன்னு அதே பத்திரிகைக்கு நானே எழுதப்போறேன். அந்த முகாமுக்கு வரிசையே கிடையாது. அது சும்மா பூட்டிக் கிடந்த இடம்."

"அரசாங்கம் ஒரு தடவை சொன்னதை இப்படி மாத்திக்கிட்டிருந்தா..." என்று திரு. ஃபேர்லி ஆரம்பித்தார்.

திரு. மாடக்ஸ் கையைத் தூக்கினார். அச்சுக்கோத்துப் பழகிய கண் அவருக்கு, எதிரில் இருப்பவர் கையில் இருக்கும் காகிதத்தைத் தலைகீழாகவே படித்துவிடுவார். ஃபேர்லி மடியில் இருந்த நகலைப் பார்த்தபடியே, "மூணாவது பாராவைத்தானே எடுக்கணும்? உத்தரவு ரெண்டு பாராவிலேயே முடிஞ்சிடுது, மூணாவது ஒட்டவெச்ச மாதிரி தொங்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அந்தக் கடிதத்தை எழுதினா, இந்த அறையில இருக்க முடியாதுப்பா. என் உதவியாளன் என் இலாகாவைத் திட்டி எழுதறதை நான் பொறுத்தாலும் மேல இருக்கறவங்க பொறுக்க மாட்டாங்க."

"தெரியும் சார்."

"எழுதாம இருந்துடேன். உத்தரவுல கையெழுத்துப் போட்டுடறேன், அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?"

ஹெட்டி, அந்த ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. மறைக்கவில்லை. அந்த நாற்காலி, அந்த ஜன்னல், காலையில் பத்திரிகையில் வரப்போவதை முந்தின நாளே தெரிந்துகொள்ளும் சுகம். "ஆல்டர்ஷாவுல ஞாபகம் இருக்கும் சார்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து மூன்றாவது பாராவை அடித்தார், கையெழுத்துப் போட்டார். "இந்த மேசைக்கு வந்த நாள்லேர்ந்து முடியாது முடியாதுன்னு கேட்டுக் கேட்டு, ஒண்ணு முடிஞ்சிருக்கு. அதுக்கு உன்னைக் கொடுக்க வேண்டியிருக்கு" என்றார். கை கொடுத்தார்.

எட்டுக் குடும்பமும் இருக்கலாம். தண்ணீர் வந்துவிடும், அல்லது இது கிடைப்பதற்குள் வந்தேவிட்டிருக்கும்.

என் இடத்துக்கு இளம் வழக்கறிஞர் ஒருவர் வந்திருக்கிறார். ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். கழிப்பறை எங்கே என்று காட்டினேன். மூன்று மாதத்தில் நான் ஐயமில்லாமல் கற்றது அது ஒன்றுதான். இப்போது சபையில் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன். எழுந்து கேள்வி கேட்கலாம். நேற்று ஒன்று கேட்டேன்: இதுபோல நாட்டில் எத்தனை முகாம்கள் பூட்டிக் கிடக்கின்றன? கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவர் ஃபேர்லி என்று வாசனையிலேயே தெரிந்துகொண்டேன்.

நான் வரட்டுமா?

வில்ஃப்

•

மேட்டு முகாம், 5-ஆம் எண் குடில்
2 டிசம்பர் 1945

அன்புள்ள வில்ஃப்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதுக்குக் கோவம் காரணம் இல்ல. கோவம் உன் கடிதத்தைப் பத்திரிகையில பார்த்த அன்னிக்கே போயிடுச்சு. அதை மாமியாரே இங்க எடுத்துக்கிட்டு வந்து படிச்சுக் காட்டினாங்க. "உன் தம்பிக்கு ஓட்டுப் போட மாட்டேன், ஆனா டீ போட்டுக் கொடுப்பேன்"னாங்க. அவங்க வாயிலேர்ந்து அது பெரிய வார்த்தை.

வேலை மேல வேலை. ஜெஸ்ஸிக்குப் பெண் குழந்தை. நல்ல வேளையா மருத்துவச்சி சைக்கிள்ல மேடேறி நேரத்துக்கு வந்துட்டா. மீதி ஆறு குடிலுக்கும் ஆள் வந்தாச்சு, இப்போ பதினாலு குடும்பம். நகரசபைத் தேர்தல்ல நம்ம ஆளுங்க ஓட்டுக் கேட்டு இங்க ஏறி வந்தாங்க. குழாயை அடைச்சவங்களே வந்தாங்க. உக்கார வெச்சோம், தண்ணி கொடுத்தோம், குழாய்த் தண்ணின்னு சொல்லியே கொடுத்தோம். அவங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் சுத்தி நின்னு பார்த்தோம். அப்புறம் அவங்களுக்கே ஓட்டுப் போட்டோம். வேற யாருக்குப் போடறது? ஆனா என் கையில நோட்டீஸ் இல்ல, என் வாயால வாக்கும் கொடுக்கல.

எர்னி வந்துட்டான்.

புதன்கிழமை. தந்தி வரல, கப்பல் முன்னாடியே வந்துடுச்சாம். நான் கீழ கடைக்குப் போயிருந்தேன். மோரீன் பள்ளிக்கூடத்துல. கீத்தைப் பக்கத்துக் குடில்ல விட்டிருந்தேன், அவன் எப்படியோ நழுவி எங்க வாசல்ல வந்து உக்காந்திருந்திருக்கான். எர்னி மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு, பெரிய கோட்டு, தொப்பி, கையில விலாசம் எழுதின சீட்டோட மேடேறி வந்திருக்கான். சீட்டையும் குடில் நம்பரையும் மாத்தி மாத்திப் பார்த்திருக்கான். இங்க அப்படிச் சீட்டும் கையுமா வந்தவங்க எல்லாரும் எதுக்கு வந்தாங்கன்னு உனக்குத் தெரியும். மூணு வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

நான் பின்னாலயே மூச்சு வாங்க ஏறி வந்தேன். கீத் ரெண்டு கையையும் கதவுநிலையில வெச்சு வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறான். "நாங்க போக மாட்டோம்"னு அவன் அப்பாகிட்டச் சொல்றான். நாங்க ஒவ்வொரு அதிகாரிகிட்டயும் சொன்னதை அப்படியே, அதே குரல்ல.

எர்னி மூட்டையைக் கீழ வெச்சான். "போக வேண்டாம்டா. நானும் கொஞ்சம் உள்ள வரலாமா?"ன்னு கேட்டான். கீத் யோசிச்சான். "நீ கவுன்சில் ஆளா?" "இல்ல." "தண்ணியை மூடுவியா?" "மாட்டேன்." அப்புறம் ஒரு கையை மட்டும் எடுத்தான். அந்த இடைவெளியில குனிஞ்சு நுழைஞ்சான் என் வீட்டுக்காரன்.

உள்ள வந்து வளைஞ்ச கூரையை அண்ணாந்து பார்த்தான். "காட்டுல இதே மாதிரி தகரக் கொட்டகையில படுத்துக்கிட்டு, ஊருக்குப் போனா ஓடு போட்ட வீடுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் ஹெட்டி"ன்னான். நாங்க ஜெயிச்சதைச் சொன்னேன், நீ ஜெயிச்சதைச் சொன்னேன், இந்த இடத்தைப் பிடிச்ச கதையைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே பூட்ஸைக் கழட்டினான். "யாரை ஜெயிச்சீங்க, நம்ம ஆளுங்களையா?"ன்னு கேட்டான். அதுக்குப் பதில் யோசிச்சுக்கிட்டிருக்கும்போதே கம்பளி மெத்தையில சாஞ்சு தூங்கிட்டான். மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினான். கீத் பக்கத்துல ஸ்டூல் போட்டுக் காவல் உக்காந்திருந்தான்.

நீ இங்க கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம், அதுக்கு முன்னாடியே வா. வர்ற வெள்ளிக்கிழமை ரயிலுக்கு எர்னி நிலையத்துக்கு வருவான். அந்த அறிக்கை விஷயமா உன்னைத் திட்டணும்னு வரிசையா யோசிச்சு வெச்சிருக்கான். என்கூடச் சண்டை முடிஞ்சுதுன்னு அவன்கிட்டத் தப்பிச்சுக்காதே. முழுசாக் கேட்டுக்கோ, நடுவுல விளக்கம் சொல்லாதே.

திட்டி முடிச்சதும் ரெண்டு பேரும் நேரா மேடேறி வாங்க. தண்ணிக் குழாயை ராணுவக்காரங்க அவசரத்துல தரைக்கு மேலயே போட்டுட்டுப் போயிட்டாங்க. உறைபனி இறங்கினா வெடிச்சுடும். நகரசபைக்கு எழுதினோம். அவங்க உன் பழைய இலாகாவுக்கு எழுதியிருக்காங்க. அந்த இலாகா பரிசீலிக்குது. பனிக்குப் பரிசீலிக்கத் தெரியாது. பண்ணைக்காரர் நாலு மண்வெட்டி தர்றேன்னு சொல்லியிருக்கார், பதினாலு குடும்பத்து ஆம்பளைங்கள்ல முதுகு சரியா இருக்கறவங்க ஒன்பது பேர். உன்னைப் பத்தாவதாச் சேர்த்திருக்கேன்.

பழைய பூட்ஸ் எடுத்துக்கிட்டு வா. தரை இறுகறதுக்குள்ள குழாயைப் புதைக்க இடுப்பாழம் தோண்டணும்.

ஹெட்டி